ஒரு மருந்து, ஐந்து அதிர்ச்சிகள்: பயோஜென் பங்கு விலையைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பயோஜென் நிறுவனத்தின் ஒரு பங்கு, 2019 மார்ச் 20 அன்று சுமார் 320 டாலருக்குக் கைமாறியது. மறுநாள் சந்தை முடிந்தபோது அதன் விலை சுமார் 227 டாலர். ஒரே நாளில் 29 சதவீதச் சரிவு. நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பில் சுமார் 1,800 கோடி டாலர் கரைந்தது.

அன்று தொழிற்சாலை எதுவும் எரியவில்லை. கணக்கில் மோசடியும் வெளிப்படவில்லை. அல்சைமர் நோய்க்காக பயோஜென் உருவாக்கிவந்த அடுகானுமாப் என்ற மருந்தின் பரிசோதனைகள் நிறுத்தப்படுகின்றன என்ற அறிவிப்பு மட்டுமே வந்தது. அந்த மருந்து அதுவரை கடைக்கே வரவில்லை. அதை விற்று ஒரு டாலர்கூடச் சம்பாதித்திராத நிறுவனம், அது இல்லை என்றானதும் இவ்வளவு இழந்தது ஏன்? உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் பழைய பங்கு விலைகளைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் நல்ல தொடக்கம்.

ஐந்து நாட்கள்

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் கட்டிகட்டியாகப் படிகிறது. அந்தப் படிவை அகற்றினால் நினைவிழப்பு மெதுவாகும் என்பது பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் பின்பற்றிவரும் கருதுகோள். அடுகானுமாப், அமிலாய்டைத் தேடிப்பிடித்து அகற்றும் ஓர் எதிர்ப்பொருள். சிறிய அளவில் நடந்த முதற்கட்டப் பரிசோதனையின் முடிவுகள் 2015 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகர மாநாட்டில் வெளியானபோது, பயோஜென் பங்கு 475 டாலரைத் தாண்டி உச்சம் தொட்டது. அதன்பின் எமர்ஜ், என்கேஜ் என்ற இரண்டு பெரிய பரிசோதனைகள் தொடங்கின. மொத்தம் 3,000க்கும் அதிகமான நோயாளிகள் பங்கேற்றனர்.

2018 டிசம்பர் வரை திரண்ட தரவுகளை வைத்து நடந்த இடைக்காலப் பகுப்பாய்வு, வெற்றிக்கு வாய்ப்பில்லை என்றது. மார்ச் மாதச் சரிவு அதன் விளைவு. ஆனால் பரிசோதனை நிறுத்தப்படும்வரை சேர்ந்த கூடுதல் தரவுகளையும் பார்த்தபோது படம் மாறியது. எமர்ஜில் அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு நோய் முற்றும் வேகம் 22 சதவீதம் குறைந்திருந்தது. என்கேஜில் அத்தகைய பலன் இல்லை. 2019 அக்டோபர் 22 அன்று, மருந்துக்கு ஒப்புதல் கேட்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. பங்கு 26 சதவீதம் ஏறியது.

2020 நவம்பர் 4 அன்று, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அலுவலர்கள் மருந்துக்குச் சாதகமாக எழுதிய ஆவணம் வெளியானது. பங்கு 44 சதவீதம் ஏறி, 355 டாலரைத் தொட்டது. இரண்டே நாளில் அதே அமைப்பின் வெளி நிபுணர் குழு கூடியது. எமர்ஜ் பரிசோதனையை மருந்தின் பலனுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற கேள்விக்கு, 11 பேரில் ஒருவர்கூட ‘ஆம்’ சொல்லவில்லை. அன்று பங்கு வர்த்தகம் நிறுத்திவைக்கப்பட்டது. வார இறுதி கழிந்து நவம்பர் 9 அன்று சந்தை திறந்ததும், விலை 28 சதவீதம் விழுந்து சுமார் 236 டாலருக்கு வந்தது.

கடைசியாக 2021 ஜூன் 7. நிபுணர் குழுவின் கருத்தை மீறி, எஃப்.டி.ஏ. துரித ஒப்புதல் வழங்கியது. பங்கு 38 சதவீதம் உயர்ந்து சுமார் 396 டாலரில் முடிந்தது. ஒப்புதலை ஏற்காமல் குழுவின் மூன்று உறுப்பினர்கள் பதவி விலகினர்.

இந்த ஐந்து நாட்களிலும் மருந்தின் மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை. 2019 அக்டோபருக்குப் பிறகு அந்த இரு பரிசோதனைகளையும் புரட்டிப்போடும் புதிய முடிவுகளும் வரவில்லை. மாறியதெல்லாம், ‘ஒப்புதல் கிடைக்குமா?’ என்பது பற்றிய மனிதர்களின் கணிப்பு.

விலைக்குள் ஒளிந்திருக்கும் நிகழ்தகவு

கணிப்பு எப்படி விலையாகிறது? 2021 ஜூன் ஒப்புதலுக்கு முந்தைய வர்த்தக நாளில் பங்கின் விலை சுமார் 286 டாலர். ஒப்புதல் கிடைத்ததும் 396. நிராகரிக்கப்பட்டிருந்தால் 220 டாலருக்கு விழுந்திருக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு முடிவுகளுக்கும் இடைவெளி 176 டாலர். அதில் 286 என்பது, அடிமட்டத்திலிருந்து 66 டாலர் மேலே இருக்கிறது. 66ஐ 176ஆல் வகுத்தால் சுமார் 38 சதவீதம். அதாவது, நம் அனுமானம் சரியென்றால், ஒப்புதலுக்கு 38 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை அன்று கருதியது.

எஃகு ஆலை, சிமென்ட் ஆலை போன்றவற்றின் பங்கு விலை பெரும்பாலும் சிறுகச் சிறுக நகரும். மருந்து ஆய்வு நிறுவனத்தில் ஒரு பெரிய முடிவு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரே நொடியில் வருகிறது. விலை நடந்து போவதில்லை, தாவுகிறது. இத்தனை டாலருக்குக் கீழே போனால் விற்றுவிடு என்று தரகரிடம் சொல்லிவைக்கும் ‘ஸ்டாப் லாஸ்’ உத்தரவு இங்கே கைகொடுக்காது. இடைப்பட்ட விலைகளில் வர்த்தகமே நடப்பதில்லை.

சதவீதங்களும் ஏமாற்றும். 29 சதவீதம் விழுந்து 26 சதவீதம் ஏறினால் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். 100 ரூபாய் 71 ஆகி, 71லிருந்து 26 சதவீதம் ஏறினால் 89 ரூபாய்தான். இன்னும் 11 ரூபாய் பாக்கி.

பட்டியலில் உள்ள எண் உண்மையான எண்ணா?

பழைய விலைப் பட்டியலில் தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை ஆகியவை இருக்கும். பல பட்டியல்களில் ‘சரிசெய்த முடிவு விலை’ என்று இன்னொரு பத்தியும் இருக்கும். நீண்டகால ஒப்பீட்டுக்கு உதவுவது அதுதான்.

ஐந்நூறு ரூபாய் நோட்டை ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளாக மாற்றுவதுபோல, நிறுவனங்கள் ஒரு பங்கைப் பல பங்குகளாகப் பிரிப்பதுண்டு. ஒவ்வொன்றின் விலையும் குறையும். சொந்தக்காரரின் சொத்து குறையாது. இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் வரைபடத்தில் இல்லாத வீழ்ச்சி தெரியும். நம் நாட்டு பயோகான் நல்ல உதாரணம். 2004இல் 315 ரூபாய்க்கு அந்தப் பங்கு பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. பின்னர் 2008இல் ஒன்றுக்கு ஒன்று, 2017இல் ஒன்றுக்கு இரண்டு, 2019இல் ஒன்றுக்கு ஒன்று என்று, பங்கு வைத்திருந்தவர்களுக்கு இலவசமாக போனஸ் பங்குகள் வந்தன. விலையில் இதன் விளைவும் பிரிப்பைப் போன்றதே. அன்றைய ஒரு பங்கு இன்று 12 பங்குகள். ஆகவே 315 ரூபாயை இன்றைய விலையோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. 26 ரூபாய் 25 காசோடுதான் ஒப்பிட வேண்டும்.

பயோஜென் பட்டியலில் இதைவிட விசித்திரமான ஒரு கண்ணி உண்டு. 1978இல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வால்டர் கில்பர்ட் உள்ளிட்ட விஞ்ஞானிகள் தொடங்கிய நிறுவனம் அது. 2003 நவம்பரில் சான் டியாகோவின் ஐடெக் நிறுவனத்தோடு இணைந்தபோது, சட்டப்படி தொடர்ந்தது ஐடெக்தான். பழைய பயோஜென் பங்கு ஒன்றுக்கு 1.15 ஐடெக் பங்குகள் தரப்பட்டன. அதனால் இன்றைய பயோஜென் குறியீட்டின்கீழ் 2003க்கு முந்தைய விலைகளைத் தேடினால் கிடைப்பது பொதுவாக ஐடெக்கின் விலைகள். புற்றுநோய் மருந்தான ரிடுக்ஸிமாபின் வெற்றியால் ஏறிய விலை அது. பயோஜென்னின் இன்டர்ஃபெரான் மருந்துகளின் வரலாற்றை அதில் தேடினால் கிடைக்காது.

2017 தொடக்கத்தில் ரத்தக்கசிவு நோய் மருந்துப் பிரிவை பயோவெரேடிவ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்து, இரண்டு பயோஜென் பங்குகளுக்கு ஒரு புதிய பங்கு என்று கொடுத்தார்கள். மறு ஆண்டே சனோஃபி நிறுவனம் அதைப் பங்குக்கு 105 டாலர் வீதம் வாங்கியது. இந்த லாபமும் பயோஜென் விலைக்கோட்டில் தெரியாது.

மூன்று கேள்விகள்

புதிய மருந்தின் பாதையில் மூன்று வாசல்கள் உண்டு. மருந்து வேலை செய்கிறதா? அரசு ஒப்புதல் தருமா? யாராவது பணம் கொடுத்து வாங்குவார்களா? பங்கு விலையின் பெரும்பாலான தாவல்கள் இவற்றில் ஒன்றுக்கான பதில்கள். எந்தக் கேள்விக்கு எந்த நாளில் பதில் வந்தது என்று பிரித்தறிவதுதான் விலை வரலாற்றைப் படிக்கும் முறை.

2019 மார்ச் சரிவு முதல் கேள்விக்கானது. 2021 ஜூன் ஏற்றம் இரண்டாம் கேள்விக்கானது. அன்று கொண்டாடியவர்கள் மூன்றாம் கேள்வியை மறந்தார்கள். ‘அடுஹெல்ம்’ என்ற பெயரில் ஆண்டுக்கு 56,000 டாலர் விலையில் வந்த மருந்தை மருத்துவமனைகள் தயங்கித் தள்ளிவைத்தன. 2021 முழுவதற்குமான விற்பனை வெறும் 30 லட்சம் டாலர். டிசம்பரில் விலையைப் பாதியாகக் குறைத்தும் பயனில்லை. பங்கு, அந்த ஆண்டை 240 டாலர் அளவில் முடித்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், பரிசோதனையில் பங்கேற்பவர்களுக்கு மட்டுமே பணம் தரும் என்று 2022 ஏப்ரலில் அறிவித்தது. 2024 ஜனவரியில் பயோஜென் மருந்தையே கைவிட்டது.

வேறு வகைத் தாவல்களும் உண்டு. 2005 பிப்ரவரியில் பயோஜென்னின் டைசாப்ரி மருந்து அரிய மூளைத் தொற்றை உண்டாக்குவதாகத் தெரிந்து விற்பனை நிறுத்தப்பட்டபோது, பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. மறு ஆண்டு கட்டுப்பாடுகளோடு அந்த மருந்து திரும்பி வந்தது. ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய டெக்ஃபிடெரா மாத்திரையின் காப்புரிமையை 2020 ஜூனில் நீதிமன்றம் செல்லாது என்றபோதும் விலை விழுந்தது. அந்த மாத்திரை முந்தைய நாளைப் போலவே நோயாளிகளுக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

2022 செப்டம்பரில், ஐசாய் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய லெகானெமாப் என்ற மருந்து அல்சைமர் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்ததாகச் செய்தி வந்தபோது, பயோஜென் பங்கு மீண்டும் ஒரே நாளில் சுமார் 40 சதவீதம் ஏறியது. ஆனாலும் 2025 தொடக்கத்தில் அதன் விலை 150 டாலர் அளவில்தான் இருந்தது. 2015இன் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மனிதர்களிடம் பரிசோதனைக்கு வரும் மருந்துகளில் சுமார் பத்தில் ஒன்றுதான் ஒப்புதல்வரை போகிறது. தோற்ற சிறு நிறுவனங்கள் பல பட்டியலிலிருந்தே மறைந்துவிடுகின்றன. நாம் எளிதில் பார்க்கும் விலைக்கோடுகள் பெரும்பாலும் பிழைத்தவர்களுடையவை.

பழைய விலை அடுத்த பரிசோதனையின் முடிவைச் சொல்லாது. மருந்து நல்லதா என்றும் சொல்லாது. உயிரித் தொழில்நுட்பப் பங்கில் பணம் போட நினைப்பவர்கள் விலைக்கோட்டைப் பார்க்கும் முன் நான்கு விவரங்களைத் தேடுங்கள்: பரிசோதனை எதை அளக்கிறது, முடிவு எப்போது வரும், காப்புரிமை எப்போது முடியும், மருந்துக்கு யார் பணம் கொடுப்பார்கள். இந்த நான்கும் தெரியாமல் வாங்குவது முதலீடு அல்ல, சூதாட்டம்.