அபாய அறிவிப்புப் பெட்டியும் அதன் துணைப் பலகைகளும்

காவல் என்பது மக்கட்கு எக்காலத்தும் வேண்டற்பாலது. நாய், பூட்டு, இராக்காவலன் ஆகிய இவற்றையே நெடுங்காலம் நம்பியிருந்த மனிதன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மின்சாரத்தையும் அத்தொழிலுக்கு ஏவினான். அமெரிக்க நாட்டு மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தினரான ஆகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பார் 1853-ஆம் ஆண்டில் மின்காந்த அபாய மணிக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். கதவு திறந்தவுடன் மின்சாரச் சுற்றுக் கூடும், காந்தம் இயங்கும், சிறு சுத்தியல் மணியை அடிக்கும். பின்னர் எட்வின் ஹோம்ஸ் என்பார் அவ்வுரிமையை வாங்கிப் பாஸ்டன் நகரில் அதனைத் தொழிலாக வளர்த்தனர். ஆயின் திறந்த சுற்றினை நம்பும் முறையில் ஒரு பெருங்குறை உண்டு. கள்வன் கம்பியை அறுத்துவிடின் மணி ஒலியாது. வீட்டாரும் அதனை அறியார். இக்குறையை எவ்வாறு தீர்த்தனர் என்பதை அறிந்தாலன்றி இன்றைய அபாய அறிவிப்புப் பெட்டியின் இயல்பு விளங்காது.

இக்காலப் பெட்டி ஒவ்வொரு கம்பிச் சுற்றிலும் சிறிதளவு மின்னோட்டத்தை இடைவிடாது செலுத்திக்கொண்டே இருக்கும். சுற்றின் கோடியில், கதவிலுள்ள காந்தத் தொடர்போடு வரிசையாக, அளவறிந்த ஒரு மின்தடை இணைக்கப்படும். அதன் அளவு 2,000 ஓம் என்று கொள்வோம். பெட்டி 2,000 ஓம் தடையைக் காணின், கதவு மூடியுள்ளது என்பது பொருள். கதவு திறந்தாலும் கம்பி அறுந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். இரு கம்பிகளையும் எவனேனும் ஒன்றாக முறுக்கிவிடின் தடை முற்றும் மறையும். இவ்விருவகை மாறுதலையும் பெட்டி உணரும்.

ஈண்டு மாணவர் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உளது. அத்தடை சுற்றின் கோடியிலேயே இருத்தல் வேண்டும். வேலை எளிதென்று கருதிச் சிலர் அதனைப் பெட்டிக்குள்ளேயே முடித்துவிடுவர். அங்ஙனம் செய்யின், பெட்டிக்கும் கதவுக்கும் இடையே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலும் பெட்டி அதே 2,000 ஓமையே காணும். கதவு அகலத் திறந்திருப்பினும் 'யாவும் நலம்' என்றே சொல்லும். காவல் இல்லாத வீட்டினும், காவல் உண்டென்று பொய்யாக நம்பும் வீடே மிக்க அபாயத்துக்கு உள்ளாவது.

இனி, துணைப் பலகை என்பது யாதெனின், பெட்டியில் உள்ள சுற்றுக்கள் போதாதபோது அவற்றைப் பெருக்க உதவும் சிறு மின்பலகையாம். ஹனிவெல் என்னும் பெயரோடு வெளிவந்த விஸ்டா-20பி என்ற பெட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் தாய்ப்பலகையில் 8 கம்பிச் சுற்றுக்களே உள. 4219 என்னும் துணைப் பலகை ஒவ்வொன்றும் மேலும் 8 சுற்றுக்களைத் தரும். பெட்டியையும் துணைப் பலகையையும் நான்கே கம்பிகள் இணைக்கின்றன. சிவப்பும் கறுப்பும் மின்சாரம் தருவன. பச்சை, பெட்டிக்குச் செய்தி கொணர்வது. மஞ்சள், பெட்டியினின்று செய்தி கொண்டுசெல்வது. இணைக்கத் தொடங்குமுன் வீட்டு மின்சாரத்தையும் பாட்டரியையும் ஆகிய இரண்டையும் நீக்குதல் இன்றியமையாதது.

எல்லாப் பலகைகளும் அதே நான்கு கம்பிகளில் பேசுவதால், ஒவ்வொன்றுக்கும் தனித்த விலாச எண் வேண்டும். பலகையிலுள்ள சிறு சுவிட்சுகளால் அதனை அமைப்பர். 07 என்னும் விலாசம் 9 முதல் 16 வரையுள்ள சுற்றுக்களுக்கு உரியது. 08 என்பது 17 முதல் 24 வரைக்கும் உரியது. இங்ஙனமே 11 என்பது 41 முதல் 48 வரைக்கும் செல்லும். இரு பலகைகளுக்கு ஒரே விலாசம் இடின், ஒரே பெயருடைய இருவரை ஆசிரியர் அழைத்தாற்போல இருவரும் ஒருங்கே விடை பகர்ந்து குழப்பம் விளையும். கோடித் தடையின் அளவும் தாய்ப்பலகைக்கு 2,000 ஓமாகவும் துணைப் பலகைக்கு 1,000 ஓமாகவும் வேறுபடுதலை மறத்தலாகாது.

அடுத்து, மின்சாரக் கணக்கு. இப்பெட்டி வெளிக்கருவிகளுக்குத் தரவல்லது 600 மில்லி ஆம்பியர் மட்டுமே. ஒவ்வொன்றும் 20 மில்லி ஆம்பியர் கொள்ளும் அசைவு உணர்விகள் 8, 100 கொள்ளும் கீபேடுகள் 2, 40 கொள்ளும் பலகைகள் 2 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 160, 200, 80 கூடி 440 ஆகும். வீட்டு மின்சாரம் நின்றால், 4 ஆம்பியர்-மணி பாட்டரி இதனை ஏறக்குறைய 9 மணி நேரமே தாங்கும். 7 ஆம்பியர்-மணி பாட்டரியோ 16 மணி நேரம் வரை தாங்கும். பழைய பாட்டரியாயின் இன்னும் குறையும்.

கம்பியின் நீளத்தையும் எண்ணவேண்டும். அமெரிக்க அளவில் 22-ஆம் எண் கம்பி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 53 ஓம் தடை உடையது. 100 மீட்டர் தூரத்துக்குப் போக்கும் வரவுமாக 200 மீட்டர் கம்பி ஆதலால், தடை 10.6 ஓம் ஆகும். அதன் வழியே 160 மில்லி ஆம்பியர் ஓடின் 1.7 வோல்ட் வழியிலேயே அழியும். பாட்டரி தளரும் இரவில், கோடியிலுள்ள உணர்விக்கு வேண்டிய வோல்ட் கிட்டாது போதலும் கூடும்.

இறுதியாக, கீபேடின் வாயிலாக ஒவ்வொரு சுற்றின் தன்மையையும் பெட்டிக்கு அறிவித்தல் வேண்டும். துணைப் பலகையின் வழி வருவது என்று குறித்தபின், அதன் வகையை எண்ணால் இடுவர். 01 என்பது புகுவோர்க்குச் சிறிது தவணை தரும் வாயிற்கதவு. 03 என்பது உடனே ஒலிக்கும் சாளரம் முதலியன. 09 என்பது தீ. சாளரத்துக்கு உரிய எண்ணை வாயிற்கதவுக்கு இடின், வீட்டுக்குடையவரே நாள்தோறும் மணியொலிக்கு ஆளாவர். சலிப்புற்று அப்பெட்டியை நிறுத்தியும் விடுவர்.

எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் கோடியில் ஒருமுறை கழற்றியும், ஒருமுறை இணைத்தும் பெட்டி அதனை அறிகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். வீட்டு மின்சாரத்தை நிறுத்திப் பாட்டரியால் மட்டும் இயங்குமாறும் பார்த்தல் நன்று. பெட்டியின் பெருமை அதன் விலையில் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத கோடியில் ஒரு சிறு தடையை உரிய இடத்தில் பொருத்திய கையின் நேர்மையிலேயே வீட்டாரின் உறக்கம் அடங்கியுள்ளது.