கேதார்நாத் பயணம்: அவசரப்படாமல் போனால் ஆறுதலாகப் போய்வரலாம்

எங்கள் ஊர்களில் பல முதியவர்களுக்கு ஒரு நீண்டநாள் ஆசை உண்டு: கண்மூடுவதற்கு முன் கேதாரநாதரைக் காண வேண்டும். இடம்பெயர்வும் அகதி வாழ்வும் அந்த ஆசையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டன. இப்போது போக முடிகிறது. ஆனால் முழங்கால் வலி, பழைய காயங்கள், இரத்த அழுத்தம் எல்லாம் கூடவே வருகின்றன. எனவே திட்டமிடல் அவசியம்.

கோயில் கடல் மட்டத்திலிருந்து 3,583 மீற்றர் உயரத்தில் உள்ளது. சித்திரை, வைகாசி அளவில் திறந்து, தீபாவளியை அடுத்து மூடுவார்கள். ஆடி, ஆவணி மழைக்காலத்தில் மண்சரிவு அபாயம் அதிகம். 2013 ஜூன் 16, 17ஆம் திகதிகளில் வந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். புரட்டாதி நடுப்பகுதி முதல் ஐப்பசி வரை போவது நல்லது. கூட்டமும் குறைவு. உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு கட்டாயம் என்பதால் விசாவுடன் அதையும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

டெல்லியிலிருந்து ஹரித்வாருக்கு ரயிலில் போகலாம். அங்கிருந்து ரிஷிகேஷ், தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, குப்தகாசி வழியாக மலைப்பாதை. பலர் இதை ஒரே நாளில் ஓடி முடிக்கிறார்கள். அதுதான் பிழை. ருத்திரப்பிரயாகையில் ஒரு இரவும் குப்தகாசியில் இரண்டு இரவுகளும் தங்குங்கள். வளைவுப் பாதையில் வரும் தலைச்சுற்றும் குறையும், உடலும் உயரத்துக்குப் பழகும். போரில் இழந்த உறவுகளுக்குப் பிதிர்க்கடன் செய்ய விரும்புவோர், அலக்நந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கையாகும் தேவப்பிரயாகையில் அதற்கு நேரம் ஒதுக்கலாம்.

உங்கள் வாகனம் சோன்பிரயாகையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஜீப்பில் கௌரிகுண்டம். பிறகு சுமார் 16 கிலோமீற்றர் ஏற்றம். ஒரே நாளில் ஏறத்தாழ 1,600 மீற்றர் உயர்கிறோம். நடக்க முடியாதவர்களுக்குக் குதிரையும், நால்வர் தூக்கும் டோலியும் உண்டு. செயற்கைக் கால் பொருத்தியவர்கள் டோலியையே தெரிவு செய்வது பாதுகாப்பு. கட்டணத்தைப் பதிவு நிலையத்தில் மட்டும் செலுத்துங்கள். மேலே ஒரு இரவு தங்கி, மறுநாள் இறங்குங்கள்.

இதய நோய், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்கள் புறப்படுமுன் வைத்தியரைக் கட்டாயம் கேளுங்கள். மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும். கடும் தலைவலி, வாந்தி, தடுமாற்றம், இருந்தபடியே மூச்சு வாங்குதல் வந்தால் தரிசனத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே கீழே இறக்குங்கள்.

ஏறவே முடியாதவர்களுக்கும் வழி உண்டு. பனிக்காலத்தில் கேதாரநாதரின் உற்சவமூர்த்தி உகிமடத்து ஓங்காரேஸ்வரர் கோயிலில் இருப்பார். அவ்வூருக்கு வாகனத்திலேயே போகலாம். சம்பந்தரும் காளத்தியில் நின்றபடியே திருக்கேதாரத்தைப் பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. மலையேறாமல் வணங்கினாலும் அது வழிபாடுதான்.