தலையில் இருந்த துவாய் இடுப்புக்கு ஏன் வந்தது?

பிள்ளைகளே, மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை உடப்புக் கடற்கரையில் நின்றேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசையாக நின்று, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கு அடியெடுத்து வைத்து, கயிற்றோடு பின்னோக்கி நடப்பதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். நானோ வலையை விட்டுவிட்டு அவர்களுடைய தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எல்லாத் தலையிலும் ஒரு துவாய். வெயில் ஏறியதும் ஒரு பெரியவர் தன் துவாயை அவிழ்த்து, போத்தல் தண்ணீரில் நனைத்து, அரைகுறையாகப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டார்.

வலை கரைக்கு வந்து, மீனும் பங்காகிவிட்டது. பெரியவர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தார். திரௌபதை அம்மன் கோயில் வாசல் வந்ததும் அதே துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக் கைகூப்பினார். வாசலைத் தாண்டியதும் துவாய் மறுபடி தோளுக்குப் போய்விட்டது.

ஒரே துணிதான். தலையில் இருந்தால் வேலை, தோளில் இருந்தால் சாதாரணம், இடுப்புக்கு வந்தால் மரியாதை. எங்கள் ஊர்களில் இதை யாரும் எழுதிவைத்துப் படிப்பிப்பதில்லை. பார்த்துப் பார்த்தே வருகிறது.

முதலில் தலையில் இருந்த துவாயின் வேலையைப் பார்ப்போம். ஈரத் துணியிலிருந்து ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் அதற்கு ஏறக்குறைய 2400 யூல் வெப்பம் வேண்டும். அரை லீற்றர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகைக்கு மேல் இறக்கக்கூடிய அளவு அது. அந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் துவாய் தலையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கடற்காற்று ஈர ஆவியை அடித்துக்கொண்டு போவதால் அடுத்த கிராமும் சீக்கிரமே ஆவியாகிறது. பெரியவர் துவாயை ஏன் முழுதாகப் பிழியவில்லை என்று இப்போது புரிகிறதா?

சரி, மரியாதைக்கு வருவோம். புத்தளம் மாவட்டக் கரையோரம் ஒரு நாள் பயணம் போனால் வேடிக்கையான ஒன்று கண்ணில் படும். உடப்பில் ஆண்கள் தலைத் துணியையும் மேற்சட்டையையும் எடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போகிறார்கள். கற்பிட்டிப் பக்கம் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவில் தொப்பியோடு வந்த ஆண்கள் வாசலில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள், செருப்பு காலில் இருந்தாலும் குற்றமில்லை. புத்தளம் பெரிய பள்ளிவாசலில் செருப்பு வெளியே நிற்கும்; தலையில் தொப்பி ஏறும். மூன்று இடத்திலும் காட்டுவது ஒரே பணிவுதான். ஓரிடத்தில் அது தலையைத் திறக்கச் சொல்கிறது, இன்னோரிடத்தில் மூடச் சொல்கிறது.

இந்த வித்தியாசம் ஒருமுறை நம் நாட்டின் உயர் நீதிமன்றத்திலேயே வழக்கறிஞர் ஒருவரை நிறுத்திவைத்தது. 1905ஆம் ஆண்டு. எம். சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பி அணிந்து மன்றுக்கு வந்தார். பூச்சட்டியைக் கவிழ்த்து வைத்தது போன்ற உருவம், சிவப்பு நிறம், உச்சியிலிருந்து தொங்கும் கறுப்புக் குஞ்சம்: அதுதான் துருக்கித் தொப்பி. பிரதம நீதியரசர் லேயார்ட் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய வழக்கப்படி வருவதானால் தலையைத் திறக்க வேண்டும், கீழைத்தேய வழக்கப்படி தலையை மூடுவதானால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்பது அவருடைய நிலை. அப்துல் காதரோ தலையில் தொப்பியும் காலில் சப்பாத்துமாக நின்றார். அவருக்கு அதுதான் முழு மரியாதையான உடை.

இலங்கை முஸ்லிம்கள் இதைத் தங்கள் தன்மானத்துக்கு நேர்ந்த கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் கொழும்பு மருதானையில் மாபெரும் கூட்டம் கூடியது. மனுக்கள் பறந்தன. பின்னர் தடை நீங்கியது. ஒரு தொப்பிக்காக இவ்வளவா என்று கேட்காதீர்கள். தான் மரியாதையென்று நினைத்து அணிந்து வந்ததை இன்னொருவர் அவமரியாதை என்று சொன்னால் யாருக்கும் நெஞ்சு வலிக்கும்.

துருக்கித் தொப்பி இங்கே எப்படி வந்தது? எகிப்தில் வெளிநாட்டார் ஆதிக்கத்தை எதிர்த்த தளபதி ஒறாபி பாஷாவை ஆங்கிலேயர் 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். ஏறக்குறைய 18 ஆண்டுகள் அவர் இங்கே இருந்தார். அவரும் அவருடைய தோழர்களும் அணிந்த தொப்பி இங்குள்ள முஸ்லிம்களிடையே பெருமைக்குரியதாகப் பரவியது. கல்விமான் டி. பி. ஜாயாவின் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள், அதே தொப்பி இருக்கும். துருக்கியில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் இதை அரச ஊழியரின் தொப்பியாக்கினார். 1925இல் அதே துருக்கியில் முஸ்தபா கமால் சட்டம் போட்டு இதைத் தடை செய்தார். நூறு ஆண்டுக்குள் உச்சிக்கு ஏறி, தெருவுக்கே வரக்கூடாததாகிவிட்டது!

அந்தத் தொப்பியில் ஒன்றைக் கவனித்தீர்களா? சுற்றி விளிம்பே இல்லை. வெயிலுக்கு உதவாது. ஆனால் தொழுகையில் நெற்றி தரையில் பட வேண்டும். விளிம்பு வைத்த தொப்பி இடையில் வந்து முட்டும். விளிம்பில்லாத தொப்பியைக் கழற்றாமலே தொழலாம்.

துருக்கித் தொப்பிகளில் கம்பளி மயிரை இறுக்கியே செய்தவையும் உண்டு. அவற்றின் துணி நெய்ததும் இல்லை, பின்னியதும் இல்லை. நூலே இல்லாமல் துணி எப்படி? உங்கள் தலையிலிருந்து நீளமான ஒரு மயிரை எடுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில், விரல்களுக்குக் குறுக்கே வராமல் அவற்றின் நீளவாட்டிலேயே மயிரைப் பிடித்து, விரல்களை முன்னும் பின்னும் மெதுவாக உரசுங்கள். மயிர் ஒரே திசையில், வேர் இருந்த பக்கமாக நகர்ந்து போகும். திருப்பிப் பிடித்துச் செய்தாலும் வேர்ப்பக்கம்தான் முன்னே போகும். மயிரின் மேல் மீன் செதிள் போல நுண்ணிய செதிள்கள் நுனியைப் பார்த்துச் சாய்ந்து அடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். ஆட்டு மயிரில் இந்தச் செதிள்கள் இன்னும் முனைப்பானவை. சூடான தண்ணீரில் நனைத்து அழுத்தி உரசினால் ஒவ்வொரு மயிரும் ஒரு திசையில் ஊர்ந்து மற்றதோடு சிக்கிக்கொள்ளும். ஒருமுறை சிக்கினால் பின்னால் வர முடியாது. அப்படி இறுகியதுதான் தொப்பித் துணி. ஐரோப்பாவில் முயல் போன்ற விலங்குகளின் வழுவழுப்பான மயிரில் செதிள் சரியாகப் பிடிக்காததால் பாதரச உப்பைத் தடவினார்கள். அதிலிருந்து எழுந்த பாதரச ஆவியை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, மனம் குழம்பியது. அமெரிக்காவில் 1941இல்தான் அதை நிறுத்தினார்கள். மற்றவர் தலையில் ஏறிய மரியாதைக்கு இந்த மனிதர்கள் உடம்பைக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

ஐரோப்பியர் தங்கள் தொப்பிகளைப் படிவரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கறுத்து மினுங்கும் உயரமான பட்டுத் தொப்பி. அதற்குக் கீழே உருண்டைத் தலையுள்ள பவுலர், பிறகு மென்மையான பெடோரா, கோடைக்கு வைக்கோல் தொப்பி, கடைசியில் தொழிலாளியின் துணித் தொப்பி. கடினமும் கறுப்பும் மினுக்கமும் கூடினால் மேலே. மென்மையும் காற்றோட்டமும் கூடினால் கீழே. பட்டுத் தொப்பியும் பவுலரும் விறைப்பாக நிற்பதற்கு அரக்குப் பூசினார்கள். அரக்கு சூட்டில் இளகும். ஆகவே அதை அணிந்துகொண்டு வெயிலில் மண்வெட்டி பிடிக்க முடியாது. நான் இன்று வேலை செய்யவில்லை என்று தொப்பியே ஊருக்குச் சொல்லும். பவுலர் பிறந்ததோ 1849இல், வேட்டைக் காட்டுக் காவலர்களின் தலை தாழ்ந்த கிளைகளில் மோதாமல் இருக்க. காட்டை விட்டு இலண்டன் வங்கிகளுக்குப் போன பிறகுதான் அதற்கு மதிப்பு வந்தது.

என்னைக் கேட்டால் புத்தளத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த தொப்பி பாலாவி உப்பளத்தில் இருந்தது. ஆகஸ்ட் கடைசி. சூரியன் அந்த நாட்களில் நடுப்பகலில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும், நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவரின் தலையில் அகன்ற ஓலைத் தொப்பி, அதற்குக் கீழே கழுத்தையும் கன்னத்தையும் மூடி ஒரு துவாய்.

"நானா, இவ்வளவு பெரிய தொப்பி இருக்கும்போது துவாய் எதற்கு?" என்று கேட்டேன்.

"மேலால வர்ற வெயில தொப்பி பார்த்துக்கும் தம்பி. உப்புல பட்டுக் கீழால அடிக்கிற வெயில யாரு பார்க்கிற?" என்றார்.

அவர் சொன்னது முழு அறிவியல். 10 சென்ரிமீற்றர் விளிம்புள்ள தொப்பியோடு சூரியனைப் பார்த்து நின்றால், சூரியன் 60 பாகை உயரத்துக்கு மேலே இருக்கும்வரை முகம் நாடிவரை நிழலில் இருக்கும். 45 பாகைக்கு இறங்கினால் நிழல் மூக்கோடு நின்றுவிடும். அது மேலிருந்து வரும் ஒளியின் கணக்கு. காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். வெள்ளை உப்புக்கு நடுவில் நிற்பவரின் முகத்தில் கீழிருந்தும் வெயில் ஏறும். எந்த விளிம்பாலும் அதைத் தடுக்க முடியாது. துவாய் தடுக்கும்.

சற்று நேரத்தில் தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நானா வாரியைச் சாய்த்து வைத்தார். ஓலைத் தொப்பியைக் கழற்றி உப்புக் குவியலின் மேல் கவிழ்த்தார். துவாயை அவிழ்த்து, முகத்தையும் கைகாலையும் கழுவித் துடைத்தார். பிறகு வரம்பில் தொங்கவிட்டிருந்த சட்டையை எடுத்து மாட்டி, பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைத் தொப்பியை விரித்துத் தலையில் வைத்துக்கொண்டு வரம்பின் மேலே நடந்தார். அதில் விளிம்பு இல்லை.