உறைபனிக் காலையில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றலாமா?

அரையாண்டு விடுமுறைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. கேம்பர் வேனில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று கிளம்பவிருக்கும் வாசகர்களின் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. கூரையில் சோலார் பேனல், உள்ளே தூக்கிச் செல்லும் பவர் ஸ்டேஷன் என்று எல்லாம் வாங்கியாகிவிட்டது. கேள்விகள் பல என்றாலும் குழப்பம் ஒரு வரியில்தான் அதிகம்: “மைனஸ் 20 டிகிரியிலும் இயங்கும்” என்கிறது விளம்பரம். ஊட்டிக் குளிருக்கு அது போதாதா?

போதாது. அந்த வரி பொய் இல்லை, ஆனால் பாதி உண்மை. லித்தியம் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுப்பது வேறு, அதற்குள் ஏற்றுவது வேறு. மைனஸ் 20 என்பது பெரும்பாலும் எடுப்பதற்கான எல்லை. ஏற்றுவதற்கான எல்லை பொதுவாக பூஜ்யம் டிகிரி. அது கையேட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பெட்டியின் முகப்பில் இருக்காது.

பூஜ்யத்துக்குக் கீழே ஏற்றினால் என்ன ஆகும்? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே நுழைந்து உட்கார வேண்டும். குளிரில் அந்த நுழைவு மந்தமாகிவிடுகிறது. விடுமுறை நாளில் ஊட்டி மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். இ-பாஸ் பார்த்து அனுப்பும் வேகத்தைவிடக் கீழிருந்து வண்டிகள் வரும் வேகம் அதிகமானால் சாலையிலேயே தேங்கும். அப்படித்தான் அயனிகளும் வாசலில் தேங்கி, கிராஃபைட்டின் மேற்பரப்பில் உலோக லித்தியமாகப் படிகின்றன. படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது. பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிரந்தரமாகக் குறைந்துவிடும். படிவு ஊசிபோல் வளர்ந்து நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். “பாதுகாப்பானது” என்று பெயர் வாங்கிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் இதற்கு விலக்கல்ல.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இது நடக்கும் நேரம். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில்தான் உறைபனி விழுகிறது. மேகமில்லாத இரவுக்கு அடுத்து வருவது பளிச்சென்ற காலை. வெயில் பட்ட கணமே பேனல் விழித்துக்கொள்கிறது. அதுவும் குளிர்ந்த பேனல் வழக்கத்தைவிடக் கூடுதல் வோல்டேஜ் தரும். பத்து, பன்னிரண்டு கிலோ எடையுள்ள பேட்டரியோ இரவுக் குளிரை உள்ளே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஜில்லென்றே இருக்கும். பேட்டரி மிகவும் குளிர்ந்திருக்கும் வேளையும் பேனல் மின்சாரத்தைத் தள்ளத் தொடங்கும் வேளையும் ஒன்றாகிவிடுகின்றன. வேன்காரர் அப்போது போர்வைக்குள் இருப்பார்.

நல்ல பவர் ஸ்டேஷன் பெட்டிகளில் இதற்குக் காவல் உண்டு. உள்ளேயுள்ள கட்டுப்பாட்டுப் பலகை வெப்பநிலையைப் பார்த்து சார்ஜை நிறுத்திவிடும், சில பெட்டிகள் தாமே சூடேற்றிக்கொள்ளும். எல்லாப் பெட்டியிலும் இந்த வசதி இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. “ஸ்மார்ட் பாதுகாப்பு” என்று பொதுவாக எழுதியிருப்பதை நான் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

செய்ய வேண்டியது எளிது. இரவில் பேனல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பெட்டியை டிக்கியில் வைக்காமல் நீங்கள் தூங்கும் இடத்துக்கே கொண்டுவாருங்கள். காலையில் பெட்டியின் சில்லிப்பு போன பிறகு, ஒன்பது பத்து மணிக்கு மேல், இணையுங்கள். வண்டியை நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகள் வெள்ளையாகும் காலையில் மேட்டுச் சரிவு தப்பிவிடுவது அதனால்தான். பள்ளத்திலுள்ள தேயிலையை மூடி வைத்துக் காப்பாற்றும் விவசாயிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

மற்ற கேள்விகள்.

பெட்டியில் போட்டிருக்கும் 1000 என்பது என்ன? 1000 வாட்-ஹவர் என்றால் வீட்டு மீட்டரின் ஒரு யூனிட். இன்வெர்ட்டர் வழியாகக் கைக்கு வருவது சுமார் 850.

200 வாட் பேனல் எவ்வளவு தரும்? அந்த 200 ஆய்வகத்தில் அளந்தது. டிசம்பர் இறுதியில் ஊட்டியின் நண்பகல் சூரியன் 55 டிகிரி உயரம்தான் வரும். கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலுக்கு அப்போதும் ஐந்தில் நான்கு பங்கு வெளிச்சமே கிடைக்கும். தெளிவான நாளில் அரை முதல் முக்கால் யூனிட் கிடைத்தால் நல்லது. மூடுபனி நாளில் அதில் கால்பங்கு வந்தாலே அதிகம்.

தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் நிழலில் நிறுத்தலாமா? பேனலின் ஒரு பட்டையில் நிழல் விழுந்தாலே மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும்.

இரண்டு பேனல்களைத் தொடராக இணைக்கலாமா? பூஜ்யம் டிகிரியில் வோல்டேஜ் லேபிளில் உள்ளதைவிட 7, 8 சதவீதம் ஏறும். பெட்டியின் எல்லைக்குள் அதற்கும் இடம் வைத்துக் கணக்கிடுங்கள்.

வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறுமா? சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சுமார் 100 வாட். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் இரண்டு மணி நேரத்தில் 0.2 யூனிட்.

கெட்டில்? ஒரு லிட்டர் கொதிக்க ஏறக்குறைய 0.13 யூனிட்.

மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை தரும் மானியம் வேனுக்கும் கிடைக்குமா? வீட்டுக் கூரைக்கு மட்டும்.

இ-பாஸ்? ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் கட்டாயம்.

அறை ஹீட்டர்? ஒரு மணி நேரத்துக்குள் பெட்டி காலி. கம்பளிதான் வழி. வேனுக்குள் கரியடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

இனிமேல்தான் வாங்கப்போகிறவர்கள் கடையில் ஒன்றைக் கேளுங்கள்: பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் தானாக நிற்குமா? கையேட்டில் அந்த வரியைக் காட்ட முடியாத பெட்டியை டிசம்பரில் ஊட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.