கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை

"போகட்டும்" என்கிற பேச்சு

பிள்ளையின் அழுகை வெளியே கேட்டதும் வராந்தாவில் நிற்பவர்களுக்குப் போன உயிர் திரும்புகிறது. ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, யார் ஜாடை என்று பேச்செல்லாம் பிள்ளையைச் சுற்றியே போகிறது. தாய்க்கு ரத்தம் கூடுதலாகப் போவது போலிருக்கிறதே என்று அப்போது யாராவது கவலைப்பட்டால், "பத்து மாசத்துக் கெட்ட ரத்தம், போகட்டும்" என்று பெரியவர்கள் அடக்கிவிடுவது நம் ஊர்களில் பழகிய வழக்கம். பிரசவ அறையில் இதைவிட ஆபத்தான ஆறுதல் வேறில்லை என்பேன். கர்ப்பப்பையில் பத்து மாதம் தேங்கிக் கெட்டுப்போகிற ரத்தம் என்று எதுவும் கிடையாது. பிரசவம் முடிந்ததும் வெளியேறுவது, சற்று முன்புவரை அவள் இதயத்திலும் மூளையிலும் ஓடிக்கொண்டிருந்த ரத்தமேதான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்தபின் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களை முக்கியமாக நெரித்து மூடுவது, கர்ப்பப்பைத் தசை இறுகிச் சுருங்குவதுதான். அந்தத் தசை தளர்ந்துவிட்டால், உடலில் இருக்கிற ஐந்தாறு லிட்டரில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள்ளேயே போய்விடக்கூடும்.

கண் ஏமாறும்

"நர்ஸம்மா பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?" என்று கேட்கலாம். பார்க்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்ப்பதும் அளப்பதும் ஒன்றாகாது. துணியில் ஊறியது, கட்டிலுக்கு அடியில் சொட்டியது, பனிக்குட நீரோடு கலந்தது எல்லாவற்றையும் கண்ணாலேயே கூட்டிப் பார்க்க எந்த அனுபவசாலியாலும் முடியாது. இதற்கான சான்று நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் பெலகாவி வட்டாரத்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று, அளவுக்கோடு போட்ட பை இணைந்த பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழ் விரித்து ரத்தத்தை அளந்தது. கண்மதிப்பு அந்த அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே சொன்னது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளின் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்த இன்னொரு ஆய்வு 2023-இல் வெளியானது. வழக்கம்போல் கவனித்த இடங்களில், உண்மையில் மிகுதியாக ரத்தம் போன தாய்மாரில் பாதிப்பேர்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். விரிப்பால் அளந்த இடங்களில் நூற்றுக்கு 93 பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கண்டவுடன் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன் ஆகியவற்றைக் கொடுப்பது, ரத்தம் வரும் இடத்தைச் சோதிப்பது என அனைத்தையும் ஒரே மூச்சில் செய்தபோது, கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. அந்த மருந்துகளில் பெரும்பாலானவை முன்பே கையிருப்பில் இருந்தவைதான். தாமதத்தின் விலை என்ன என்பதும் தெரிந்ததே: டிரானெக்ஸாமிக் அமிலம் தருவதில் கடக்கும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் அதன் பலன் சுமார் 10 சதவீதம் தேய்கிறது, 3 மணி நேரத்துக்குப் பிறகு பலனே இல்லை. இயல்பு மாறிய நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ தெரிந்தால் 500 மில்லி வரை காத்திருக்காமல் 300 மில்லியிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்னதும் இதே காரணத்தால்தான்.

குறைந்த இருப்பு

அளவு என்பது பிரசவ அறைக்கு முன்பே தொடங்குகிறது. கர்ப்பகாலத்தில் உடல் தன் ரத்தத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருக்கிக்கொள்கிறது, அது பிரசவத்துக்காக உடல் சேர்த்துவைக்கும் இருப்பு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே உள்ளவளிடம் அந்த இருப்பு மெலிந்திருக்கிறது. திடமான பெண் தாங்கிக்கொள்ளும் 500 மில்லி இழப்பு, 7 புள்ளியில் பிரசவத்துக்கு வருகிறவளை மயக்கத்தில் தள்ளிவிடும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பயம் ஆதாரமற்றது, நிறத்துக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. மலம் கறுப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. மலச்சிக்கலும் குமட்டலும் மட்டும் உண்மையான தொல்லைகள். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று அவற்றைத் தள்ளிவிடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். சாப்பிட்டபின் இரவில் எடுத்துக்கொள்வது, டீ காபிக்கு ஒரு மணி நேரம் தள்ளி எடுப்பது, அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்றிக்கொள்வது என்று வழிகள் இருக்கின்றன. சோகை குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பைக் கூட்டுவதால், இந்த மாத்திரை இரண்டு உயிருக்குமானது.

அனந்தபுரத்திலிருந்து முண்டியம்பாக்கம்

"எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளையை வீட்டிலேயே பெற்றாள்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2001-03-இல் தமிழகத்தில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. பாட்டி பிழைத்ததால் அவள் கதையைச் சொல்கிறோம், பிழைக்காதவர்களின் கதையைச் சொல்ல வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. இன்னொரு தரப்பு, இப்போதுதான் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவமாயிற்றே, இனி என்ன பயம் என்கிறது. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் ரத்த வங்கி இருப்பதில்லை. செஞ்சி வட்டத்து அனந்தபுரம் போன்ற பேரூராட்சியிலோ சுற்றுக் கிராமத்திலோ இருக்கும் தாய்க்குப் பெரிய சிகிச்சை என்றால், அது முண்டியம்பாக்கத்து விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, புதுச்சேரி ஜிப்மரோதான். சாலைப் பயணம் தவிர்க்க முடியாததாக இருக்கும்போது, முடிவை எவ்வளவு முன்னால் எடுக்கிறோம் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. சோகை, இரட்டைக் கரு, முந்தைய சிசேரியன், கீழிறங்கிய நஞ்சுக்கொடி, முன்பு ரத்தப்போக்கு என்று ஏதேனும் உள்ளவர்கள் ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதை எட்டாம் மாதத்திலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். "சும்மா சும்மா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுகிறார்கள்" என்ற மனக்குறை எனக்குப் புரிகிறது; அலைச்சலும் கூலி இழப்பும் சிறியவை அல்ல. ஆனாலும் பகலில் நிதானமாகப் போவதும், நள்ளிரவில் ரத்தம் சொட்டச் சொட்ட 108-இல் போவதும் ஒன்றில்லை.

பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகும் ஆறு வாரம்வரை இந்த ரத்தக் கணக்கு முடிவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால், பெரிய கட்டிகள் வந்தால், தலைசுற்றி உடம்பு சில்லென்று வியர்த்தால் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே நாடி படபடக்கத் தொடங்கிவிடும். வண்டி வருவதற்குள் அவளைச் சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள், எழுந்து நடக்க முடியாவிட்டால் படுத்தபடியே. நனைந்த துணிகளைத் துவைக்கப் போடாமல் ஒரு பையில் கட்டி மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.