பிறந்த வீடே புகுந்த வீடு!

சீசன் சமயத்தில் குற்றாலம் போனவர்களுக்கு இந்த அனுபவம் இல்லாமலிராது. அருவியில் ஆனந்தமாக நீராடிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பினால், பையிலிருந்த வாழைப்பழங்களைக் காணோம்! எதிர்க் கூரையில் ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்து அவற்றை உரித்துக் கொண்டிருப்பார். அவர் சாதாரண நாட்டுக் குரங்கு. இங்கே நாம் அறிமுகப்படுத்தப் போவது அவரையல்ல. மனிதவாடை பட்டாலே இலைகளுக்குள் மறைந்துவிடும் அவருடைய சங்கோசமுள்ள உறவினரை.

கடையநல்லூரில் நின்று மேற்கே பார்த்தால் மேகம் கவிந்த மலைத்தொடர் தெரிகிறது அல்லவா? அதே தொடரில் தெற்கே களக்காடு, முண்டந்துறை மலைகளின் மழைக்காடுகளில் வாழ்கிறது சோலை மந்தி. சிங்கவால் குரங்கு என்றும் இதற்குப் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இது கிடையாது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்த்தே சுமார் 4,000தான் இருக்கும் என்கிறார்கள்.

உருவம் சிறியது, ஆணே 10 கிலோவுக்கு மேல் போவது அபூர்வம். கன்னங்கரிய உடல். முகத்தைச் சுற்றி வெள்ளி நரை போன்ற பிடரி மயிர். பார்த்தவுடன் கண்ணில் படுவது பிடரிதான். ஆனால் பெயர் கிடைத்ததோ நுனியில் குஞ்சம் வைத்த வாலுக்கு!

ஒரு கூட்டத்தில் பத்து முதல் இருபது உருப்படிகள் வரை இருக்கும். இந்தக் குடும்பத்தில் ஒரு விசேஷம் உண்டு. பெண்ணுக்குப் பிறந்த வீடே புகுந்த வீடு. தாய், மகள், பேத்தி எல்லோரும் ஆயுள் முழுவதும் ஒன்றாகவே இருப்பார்கள். வயது வந்த பிள்ளைதான் வெளியேறி வேறு கூட்டத்தைத் தேடிப் போகவேண்டும்! சாப்பாடு, தூக்கம், குழந்தை வளர்ப்பு எல்லாம் மர உச்சியில்தான். முள் நிறைந்த வெடிப்பலாக் காயைப் பிளந்து விதையைத் தின்னும். பூச்சிகளையும் விடாது. அவசரமானால் கன்னப் பைக்குள் அடக்கிக்கொண்டு, பிறகு நிதானமாக மெல்லும்.

ஆனால் வம்சம் பெருகுவதுதான் மெதுவாக நடக்கிறது. ஆறு வயதுக்கு மேல்தான் பெண் முதல் குட்டியை ஈனும். கர்ப்பம் சுமார் ஆறு மாதம். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. அடுத்ததற்கு இரண்டு மூன்று வருஷமாகும். ஆகவே, ஒரு தாயை இழந்தால் அந்த நஷ்டத்தை ஈடுகட்டப் பல வருஷங்கள் வேண்டும்.

நஷ்டங்களோ குறைவில்லை. ஒரு காலத்தில் 'கருங்குரங்கு லேகியம்' என்ற பெயரில் நீலகிரிக் கருமந்தியை வேட்டையாடினார்கள். கறுப்பாகப் பிறந்த பாவத்துக்கு இதுவும் சேர்ந்து பலியானது. 1972ஆம் வருஷச் சட்டம் இவ்வேட்டையைத் தடை செய்தது. அதைவிடப் பெரிய ஆபத்து, தேயிலைக்கும் காப்பிக்கும் சாலைக்கும் காடு துண்டு துண்டானதுதான். மரத்துக்கு மரம் தாவுகிற பிராணிக்கு, இடையிலுள்ள வெட்டவெளி கடல் மாதிரி.

வால்பாறையில் இதைக் கண்கூடாகக் காணலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காட்டில் அகப்பட்ட மந்திகள், தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கின்றன, குப்பையைக் கிளறுகின்றன, சமையலறைக்குள் நுழைகின்றன, வண்டிகளில் அடிபட்டும் சாகின்றன. கூச்சம் போனது அவற்றின் குற்றமா? வீடு போனவர்கள் தெருவுக்கு வராமல் என்ன செய்வார்கள்? சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்து, அவற்றைக் காக்க முயன்று வருகிறார்கள்.

நல்லது நடக்காமலும் இல்லை. இந்த மந்தியைக் காப்பதற்காகவே 1976இல் களக்காடு சரணாலயம் ஏற்பட்டது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வரவிருந்தபோது எழுந்த கிளர்ச்சியில் இதன் முகமே சின்னமாயிற்று. அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அந்த இடம் தேசியப் பூங்காவாகியது.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. கருங்குரங்கு லேகியம் என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மலைக்குப் போனால் குரங்குகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள். பட்சணப் பொட்டலங்களை எறியாதீர்கள். சோலை மந்தி நம்மிடம் பழம் கேட்கவில்லை. மழைக்காலத்தில் நம் ஆறுகளுக்கு நீர் தரும் அந்தக் காட்டில் தன்னைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும் என்கிறது. பிறந்த வீட்டைக் காப்பாற்றித் தரச் சொல்லும் பெண்ணின் கோரிக்கை அது. நியாயமானதுதானே?