பினாங்குத் தமிழரின் மலாய் இசைத்தொகுப்பு: தமிழர் கலை வரலாற்றில் அதன் இடம்

முன்னுரை

ஒரு பாடகரோ இசைக்குழுவோ வெளியிடும் முதல் தொகுப்பு வெறும் பாடல்களின் திரட்டு அன்று. யாருக்காகப் பாடுகிறோம், எம்மொழியில் பாடுகிறோம் என்பதற்கான அறிவிப்பும் அதில் அடங்கியிருக்கும். மேடையில் நாளுக்கொரு மொழியில் பாடலாம். இசைத்தட்டில் பதிந்த மொழியோ நிலைத்துவிடும். அவ்வகையில், பினாங்கைச் சேர்ந்த அலிகேட்ஸ் குழுவினர் 1979இல் 'தெரிமா காசே' என்னும் மலாய்த் தொகுப்பினை வெளியிட்ட நிகழ்வு நம் கவனத்திற்குரியது. அக்குழுவின் முன்னணிப் பாடகர்கள் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள். மலேசியத் தமிழர் கலை வரலாற்றில் இத்தகைய படைப்புக்கு இடமுண்டா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பினாங்கின் பின்புலம்

இந்தியக் கலைக்கூறுகள் மலாய்மொழியில் புகுந்து உருமாறுவது பினாங்கிற்குப் புதிதன்று. இன்று மலாய்க் கலைவடிவமாகப் போற்றப்படும் போரியா, 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் படைப்பிரிவினரோடு இத்தீவுக்கு வந்த முகரம் கொண்டாட்டத்தில் வேர்கொண்டது என்பர். பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பங்சாவான் நாடகம் இங்கு உருவாயிற்று. இவ்விரண்டிலும் வந்தவர் கலை, வாழ்ந்த மண்ணின் மொழியை ஏற்றது. மலாய்த் திரையிசையின் முதன்மைக் கலைஞரான பி. ரம்லியும் 1929இல் இத்தீவில் பிறந்தவரே.

ஆறுமுகம் சகோதரர்களின் குழு 1960களின் இறுதியில் இச்சூழலில் தோன்றிற்று. அக்காலத்து நகர்ப்புற இசைக்குழுக்களைப் போன்று இவர்களும் ஆங்கிலப் பாடல்களையே மேடையில் பாடினர். 1970களில் ஹாங்காங்கிலும் நிகழ்ச்சிகள் நடத்தினர். சுருட்டைமுடியைப் பெரிதாக வளர்த்த இவர்களது தோற்றம் அமெரிக்கக் கறுப்பின இசைஞர்களை நினைவூட்டியது.

மொழிமாற்றத்தின் காரணங்கள்

ஆங்கிலத்தில் பாடிய குழு மலாய்த் தொகுப்பினை வெளியிட்டது ஏன்? காலத்தின் போக்கு இதற்கு ஓரளவு விடையளிக்கிறது. 1967ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டம் மலாய்மொழியின் நிலையை உறுதிசெய்தது. 1970 தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. 1971இல் தேசியப் பண்பாட்டுக் கொள்கை வகுக்கப்பட்டது. ஆகவே, 1970களின் இறுதியில் இசைத்தட்டு வாங்கும் வயதை எட்டிய இளையோரில் பலர் மலாய்மொழியில் கல்வி கற்றவர்கள். இனங்கடந்து அவர்களைச் சென்றடைய அம்மொழியே வழியாயிற்று.

எனினும், இதனைச் சந்தைக் கணக்கு என்று மட்டும் ஒதுக்கிவிடல் பொருந்தாது. எம். நாசிர், எஸ். அமீன் ஷஹாப் முதலானோர் இக்குழுவுக்கு ஆக்கித் தந்த பாடல்களை மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் தம்முடையனவாகவே ஏற்றனர். மலாய்மொழியில் ககரமும் கககரத்தின் ஒலிப்புடை இணையும் வெவ்வேறு எழுத்துகள். அவ்வாறே பகர, தகர இணைகளும் பொருள் வேறுபடுத்தும். தமிழில் அவ்வேறுபாடு இடம்பற்றி அமைவதேயன்றிப் பொருளை மாற்றுவதில்லை. இவ்வேறுபாட்டைக் கடந்து வேற்றுமொழியில் காதலையும் பிரிவையும் உணர்த்திப் பாடுவது எளிய செயலன்று என்பதை மொழியாசிரியர்கள் நன்கறிவர்.

மூவகைத் தொகுப்புகள்

புலம்பெயர் தமிழரின் முதல் தொகுப்புகள் சிலவற்றை இதனோடு ஒப்பிடலாம். லண்டனில் பிறந்த சுசீலா ராமன் 2001இல் வெளியிட்ட முதல் தனித்தொகுப்பான 'சால்ட் ரெய்ன்', ஆங்கிலப் பாடல்களோடு கருநாடக இசைக் கீர்த்தனைகளையும் ஏற்றது. பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் சொல்லிசையைத் தமிழிலேயே வழங்கிற்று. முன்னதில் மரபிசை தமிழரின் அடையாளமாகிறது. பின்னதில் மொழி அடையாளமாகிறது. 'தெரிமா காசே' தொகுப்பில் இவ்விரண்டும் இல்லை. பாடுவோரின் பெயரும் பிறப்புமே எஞ்சுகின்றன. ஆதலின், நம் வரலாற்று நூல்களுக்கு இதுவே கடினமான வகையாகும்.

மொழியொன்றையே அளவுகோலாகக் கொண்டால், மலேசியத் தமிழர் இந்நாட்டுப் பொதுவாழ்வில் ஆற்றிய கலைப்பணியின் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். பிறப்பொன்றையே கொண்டாலோ, தமிழ்க்கலை என்னும் சொல் பொருளிழக்கும். எனவே 'தமிழ்க்கலை', 'தமிழர்கலை' என்னும் இரு தலைப்புகளைப் பிரித்து வழங்குவதே தக்கது என்பது நம் கருத்து. தமிழ்மொழியில் அமைந்தன முன்னதில் அடங்கும். தமிழர் எம்மொழியில் படைத்தாலும் பின்னதில் அடங்கும். இதனால் தமிழ் இலக்கியத்தின் எல்லை குலையாது. தமிழர் வரலாறும் குறைபடாது.

முடிவுரை

லோகநாதன் 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் புற்றுநோயால் மறைந்தார். மறுஆண்டு, 2008இல், ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களைக் காக்கச் சட்டம் உண்டு. அத்தெருக்களில் இசை பயின்றோரின் நினைவுகளைக் காக்க அத்தகைய ஏற்பாடு போதவில்லை. பினாங்கின் மூத்த இசைஞர்களை மாணவர்கள் நேர்கண்டு ஒலிப்பதிவு செய்வதைத் தமிழாசிரியர்கள் ஓர் இடுபணியாக மேற்கொள்ளலாம். பழைய இசைத்தட்டுகளின் உறையில் அச்சிடப்பட்ட பெயர், ஆண்டு, பதிவு விவரங்களைப் படியெடுத்து வைப்பதும் பயன்தரும்.

'தெரிமா காசே' என்பது நன்றி என்னும் பொருளில் நாள்தோறும் நாம் வழங்கும் தொடர். 'தெரிமா' ஏற்றலையும் 'காசே' அன்பையும் குறிக்கும். ஆறுமுகம் சகோதரர்கள் தந்ததை நாடு ஏற்று நெடுங்காலமாயிற்று. தமிழாய்வு உலகமும் அதனை ஏற்றுப் பதிவுசெய்தல் வேண்டும்.